ஆற்றிலிருந்து அனுப்பிய படம்

பிரிக்பீல்ட்ஸில் அந்தச் சாப்பாட்டுக் கடை வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். அன்று முதலாளி சுகுமாறன் வேலையாட்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு எங்காவது அழைத்துப் போவார். போன வருடம் மோரிப் கடற்கரை. இந்த வருடம் உலு லங்காட் ஆறு. லோரி டயரின் டியூபில் படுத்து மிதந்து போகலாம், ஆளுக்கொரு துடுப்பு கொடுப்பார்கள், கரையில் கோழி சுடலாம். ஒரு மாதமாகச் சமையல்கட்டில் வேறு பேச்சே இல்லை.

அன்று காலையில் முதலில் வந்து சேர்ந்தவள் மலர்விழி. கல்லாவில் உட்காருபவள், சாலாக் செலாத்தானிலிருந்து ரயிலில் வருவாள். பாதி திறந்திருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்ததும், முதலாளியின் மனைவி அமுதவள்ளி அவள் கையைப் பிடித்து அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குள் இழுத்துப் போனாள்.

"மலரு, நான் சொல்றத கேட்டுட்டு மூஞ்சிய சாதாரணமா வச்சுக்கணும், சரியா? நம்ம சதீஷோட அப்பா செத்துட்டாரு. நேத்து ராத்திரி. நெஞ்சுவலி. அவனோட மச்சான் பாஸுக்கு போன் பண்ணான்."

மலர்விழிக்கு முதலில் தோன்றியது அந்தத் தோசைக்கல்தான். சதீஷ்குமார் தினமும் அதன் முன்னால்தான் நிற்பான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தவன். அதிகம் பேசமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கூட்டம் குறைந்ததும் பின்பக்கச் சந்துக்குப் போய்ச் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அப்பாவோடு பேசுவான். அப்போது மட்டும் சத்தமாகப் பேசுவான்.

"அப்ப இன்னைக்கு ஆத்துக்குப் போகலயா ஆன்டி?"

"போறோம். அவனுக்குச் சொல்லல. பாஸ்போர்ட்டு ஏஜென்ட்டுகிட்ட இருக்கு, பெர்மிட் ரினியூவுக்கு. இந்த வாரம் வராது. எப்டியும் அவனால போக முடியாது மலரு. இப்ப சொன்னா பச்சத் தண்ணி குடிக்க மாட்டான். வருஷத்துல ஒரு நாள்தான் அவனுக்கு இந்த மாதிரி. வயிறார சாப்புட்டு, சிரிச்சிட்டு வரட்டும். சாயந்தரம் பாஸ் பக்குவமா சொல்லுவாரு. பாடி நாளைக்குத்தான் எடுக்கறாங்களாம், பெங்களூர்லேருந்து இன்னொரு அக்கா வரணும். நாளைக்குக் காலைல வீடியோல பாத்துக்கட்டும்."

மலர்விழி தலையாட்டினாள். அவளுக்கு இது புதிதில்லை. வெறும் வயிற்றில் இருப்பவரிடம் இப்படிப்பட்ட செய்தியை யாரும் சொல்வதில்லை. அவளுடைய மாமா இறந்தபோது அவள் அம்மாவின் கையில் முதலில் ஒரு தட்டு மீகூன் சேமியாவைக் கொடுத்தார்கள். அம்மா அதைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, "என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க" என்று சிரித்த பிறகுதான் சொன்னார்கள். அம்மா அதற்குப் பின் மீகூன் சாப்பிட்டதில்லை.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். அமானுல்லாதான் குதிக்கிறான்."

அமானுல்லா சமையல்காரர். சதீஷோடு கடைக்கு மேலே ஒரே அறையில் தங்கியிருப்பவர். வெளியே வேனில் கோழிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். மலர்விழியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "தூங்கி எந்திரிச்சதும் என்னைப் பாத்து 'ஏன்ணே கண்ணு செவந்திருக்கு'ன்னு கேக்கறான்மா. மசாலா பட்டுருச்சுன்னேன். அவன் அப்பன் மௌத்தான சேதிய நம்ம வச்சுக்கிட்டுச் சுத்தறோம். அந்த உரிமைய யாரு குடுத்தா நமக்கு?" என்றார். பிறகு பெட்டியின் மூடியை இரண்டு தடவை தட்டி மூடினார்.

சதீஷ் மாடிப்படியில் இறங்கி வந்தான். புதிய அரைக்கால் சட்டை. அதன் விலைச்சீட்டு இன்னும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. டீ, காப்பி கலக்கும் பிரவின் அதைப் பிடித்து இழுத்து, "பாஸ், இவர விக்கிறீங்களா? எவ்ளோ லா?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். சதீஷ் வெட்கத்தோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

செராஸைத் தாண்டியதும் கட்டடங்கள் குறைந்து மலை வந்தது. வேனுக்குள் சுகுமாறன் பெரிய மஞ்சள் பை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் புகாத பை, வாயைச் சுருட்டிக் கட்டிவிடலாம்.

"இன்னைக்கு ஒரு சட்டம். யாரும் போன் பாக்கக் கூடாது. எல்லாம் இதுக்குள்ள. மொதல்ல என்னோடது."

எல்லாரும் போட்டார்கள். சதீஷ் மட்டும் தயங்கினான்.

"மொதலாளி, இன்னைக்கு ஞாயித்துக்கெழம. அப்பாகிட்டப் பேசணும்."

பிரவின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சாயந்தரம் பேசலாம்," என்றார் சுகுமாறன். "சாயந்தரம் நிதானமா பேசலாம் சதீஷ்."

"சரி மொதலாளி. ஒரே ஒரு போட்டோ மட்டும் அனுப்பிட்டுத் தந்துடறேன். ஆத்துல எறங்கறதுக்கு முன்னாடி. நான் துடுப்புப் போடப்போறேன்னு சொல்லியிருக்கேன், அவரு நம்பல."

வேண்டாம் என்று சொல்ல அவர்களிடம் ஒரு காரணமும் இல்லை.

மேலே பெரிய சாலை ஒரு பாலத்தின் மேல் ஆற்றைக் கடக்கும் இடத்தில்தான் ஏறுதுறை. பக்கத்தில் டுரியான் பழம் விற்கும் ஒரு கொட்டகை. அங்கிருந்து டியூபில் மிதந்து காட்டுக்குள் போய், பள்ளத்தாக்கில் கூடாரங்கள் போட்டிருக்கும் இடத்தில் கரையேற வேண்டும். டியூப் வாடகைக்கு விடும் பாக் ஹாலிம், வயதான மலாய்க்காரர், தன் பழைய பிக்கப் லோரியில் எல்லாரையும் மறுபடி மேலே கொண்டுவந்து விடுவார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இவர்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் அமானுல்லா கீழே போய்க் கோழியைச் சுட்டு, சோறும் ஆக்கி வைத்துவிட்டு வந்தார். அதுவரை அமுதவள்ளி சதீஷுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களாகப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள். மூன்றாவதை நீட்டியபோது அவன், "என்னம்மா, என்னை வெட்டப் போறீங்களா?" என்றான்.

அமுதவள்ளி எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை.

நேற்று மழை பெய்யாததால் ஆறு தெளிவாக இருந்தது. பெரிய வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே பச்சையாக வந்து, வளைவில் மூங்கில்களுக்குள் நுழைந்து காணாமல் போயிற்று. யாரோ ஒரு கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டு எழுந்து போனதுபோல இருந்தது அந்த வளைவு.

சதீஷ் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரின் ஓரத்தில் நின்றான்.

"அண்ணே, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டான் பிரவின்.

"தெரியாது. எங்க ஊர்லயும் ஆறு இருக்கு. ஆனா அதுல தண்ணி வந்து நான் பாத்ததில்ல."

"அப்ப அது ஆறு இல்ல லா, ரோடு."

"ஆமா. பஸ்ஸே போவும்."

சிரித்துக்கொண்டே சதீஷ் தன் போனை மலர்விழியிடம் நீட்டினான். அவள் அன்று தண்ணீரில் இறங்கவில்லை. மாதத்தில் அந்த மூன்று நாட்களில் ஒன்று அது. அமுதவள்ளி காலையிலேயே, நீ கரையில் இரு, பையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள்.

"துடுப்பு தெரியற மாதிரி எடு மலரு."

மலர்விழி போனை உயர்த்தினாள். சின்னத் திரைக்குள் அவன் விறைப்பாக நின்றான், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுபோல. அவளுக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

"அண்ணே, சிரிங்க," என்றாள்.

அவன் சிரித்தான். எல்லாப் பல்லும் தெரிந்தது. துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கினான்.

படத்தை அப்பாவின் எண்ணுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நிமிடம் திரையைப் பார்த்தபடி நின்றான். "டீக்கடையில இருப்பாரு. அப்புறமாப் பாப்பாரு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனைப் பைக்குள் போட்டான். டியூபில் உட்காரும்போது பயத்தில் "முருகா" என்று கத்தினான். வழிகாட்டிப் பையன் கயக் படகில் முன்னே போக, ஒவ்வொருவராக வளைவுக்குள் போனார்கள். கடைசியாகத் தெரிந்தது அந்த ஆரஞ்சு நிறம். பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும்.

மலர்விழி ஒரு பாறையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது மடியில் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவள் வாயை அவிழ்த்துப் பார்த்தாள். முதலாளியின் போனில் தெரியாத இந்திய எண். சதீஷின் போனில் 'அக்கா'. எடுக்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுபோய், உடனே திரும்பவும் வந்தது. எடுத்தாள்.

"நீயெல்லாம் ஒரு மனுசனாடா?"

பெண் குரல். அழுது அழுது தொண்டை கட்டிய குரல். அதற்குப் பின்னால் பறைச் சத்தம்.

"அப்பா போனுக்குப் படம் அனுப்பியிருக்க. பல்லக் காட்டிக்கிட்டு. போனு எங்க கெடந்துச்சு தெரியுமா? அவரு தலமாட்டுல. டிங்குன்னுச்சு, சித்தப்பா எடுத்துப் பாத்தாரு. பாத்துட்டு ஒவ்வொருத்தருக்கா காட்டுறாரு. வெளிநாட்டுப் புள்ளைக்கு அப்பன் செத்தது திருவிழாவாம்டா. கூடத்துல அப்பா கெடக்காரு, ஒனக்கு ஆறு கேக்குதா?"

"அக்கா," என்றாள் மலர்விழி. "நான் சதீஷண்ணன் இல்லக்கா. அவர்கூட வேலை செய்யறேன்."

மூச்சு வாங்கும் சத்தம். "அவன் எங்க?"

"தண்ணில இருக்காருக்கா. அக்கா, அவருக்குத் தெரியாது. இன்னும் யாரும் சொல்லல."

அந்தப் பக்கத்தில் பறை மட்டும் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரு ராத்திரியே சொல்லிட்டாரே."

"பாஸ்கிட்ட சொன்னாரு. பாஸு சாயந்தரம் சொல்லிக்கலாம்னு... இவரு இன்னைக்கு ஒரு நாள் சந்தோஷமா..." அவளால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அது நல்ல வாக்கியமாகத்தான் இருந்தது.

"சாயந்தரமா?" அக்காவின் குரலில் கோபம் போய்விட்டிருந்தது. அது போனது இன்னும் மோசமாக இருந்தது. "கரண்டு இல்லம்மா. ஐஸ்பொட்டி காலையிலேருந்து வேல செய்யல. தங்கச்சியும் பெங்களூர்லேருந்து வந்துட்டா. எமகண்டத்துக்கு முன்னாடி எடுத்துடணும்னு எல்லாரும் நிக்கிறாங்க. குளிப்பாட்டியாச்சு. அவன் ஒரு தடவ மொகத்தப் பாத்துடட்டும்மா. ஒரே ஒரு தடவ. அவன்கிட்ட போனக் குடு."

"கூட்டிட்டு வரேன்க்கா. கொஞ்ச நேரம் எடுக்காம வைக்கச் சொல்லுங்க."

"நான் பொம்பள. நான் சொன்னா எவன் நிப்பான்? ஓடும்மா."

மலர்விழி ஓடினாள். பாக் ஹாலிம் பிக்கப்பின் நிழலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் மலாயில், நண்பருடைய அப்பா இறந்துவிட்டார், அவருக்குத் தெரியாது, அவர் ஆற்றில் இருக்கிறார் என்றாள். காலையிலிருந்து அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேறு மொழியில், முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது. அவர் உதட்டுக்குள் ஒரு பிரார்த்தனையை முணுமுணுத்து, காப்பியை மண்ணில் ஊற்றிவிட்டுச் சாவியை எடுத்தார்.

சாலை வளைந்து வளைந்து பள்ளத்தாக்கில் இறங்கியது. டுரியான் கொட்டகையைத் தாண்டியதுமே போனில் லைன் ஒவ்வொரு கோடாகக் குறைந்து, இரண்டாவது வளைவில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. "கீழே லைன் கிடையாது," என்றார் பாக் ஹாலிம். "அவனை ஏற்றிக்கொண்டு மேலே வரவேண்டும்."

கீழே கரை முழுக்கக் குடும்பங்கள். கூடாரங்கள், கோழி சுடும் புகை, எங்கோ ஒரு கரோக்கே பெட்டியில் யாரோ சுருதி தவறிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் ஒருவரும் இல்லை. மலர்விழி மூங்கில் வளைவையே பார்த்தாள். ஆற்றை அவசரப்படுத்த முடியாது. துடுப்புப் போட்டாலும் போடாவிட்டாலும் அது தன் வேகத்தில்தான் ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

வழிகாட்டிப் பையனுக்குப் பின்னால் முதலில் பிரவின் வந்தான். பிறகு அமானுல்லா, அமுதவள்ளி, சுகுமாறன். மலர்விழியைக் கண்டதும் சுகுமாறன் இடுப்பளவு தண்ணீரிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"நீ என்னா இங்க?"

"பாடி எடுக்கறாங்க பாஸ். இப்பவே. அக்கா போன் பண்ணாங்க. அந்தப் போட்டோவ ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க. அவரு தெரிஞ்சே சிரிச்சு அனுப்புனாருன்னு நெனைச்சிட்டாங்க."

சுகுமாறனின் தலைக்கவசம் சாய்ந்திருந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவர், அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தார்.

"நாளைக்குன்னுதானே சொன்னான்," என்றார். பிறகு மெதுவாக, "சாப்பாடு ரெடியா இருக்கு. ரெண்டு வாய் மட்டும் சாப்புட வச்சிட்டு..."

"பாஸ்," என்றார் அமானுல்லா. "போதும் பாஸ்."

சதீஷ் கடைசியாக வந்தான். எல்லாருக்கும் பின்னால், தனியாக. டியூபில் முழுக்கச் சாய்ந்து, கைகள் இரண்டையும் தண்ணீரில் தொங்கவிட்டு, கண்களை மூடியிருந்தான். துடுப்பு மடியில் கிடந்தது. ஆறு அவனைச் சுற்றிச் சுற்றித் திருப்பியது, அவன் எதிர்க்கவில்லை. கடையில் அவன் உட்கார்ந்துகூட மலர்விழி ஒருநாளும் பார்த்ததில்லை. மூங்கில் நிழலும் வெயிலும் மாறி மாறி அவன் முகத்தின் மேல் போயின.

அவள் செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். அமுதவள்ளி ஏதோ சொல்ல வாயெடுத்துச் சும்மா இருந்தாள். முழங்கால் அளவுக்குப் போய் டியூபின் கயிற்றைப் பிடித்தாள். சதீஷ் கண்ணைத் திறந்தான்.

"மலரு! சும்மா படுத்துக்கிட்டாப் போதும், அதுவே தூக்கிட்டுப் போகுது. நான் இத்தன நேரம் பயந்துக்கிட்டு துடுப்ப அடிச்சேன் பாரு. அப்பாகிட்டச் சொன்னா நம்பவே..."

"அண்ணே, அப்பா தவறிட்டாருண்ணே. நேத்து ராத்திரி."

அவன் கயிற்றைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தான். பிறகு கரையில் நின்றவர்களைப் பார்த்தான். சுகுமாறன், அமுதவள்ளி, பிரவின், அமானுல்லா. எல்லாரும் நனைந்து, வரிசையாக, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அவர்களுடைய முகங்களிலிருந்து அவன் மீதியைத் தெரிந்துகொண்டான்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்ணே."

"நீ போட்டோ எடுத்தப்ப?"

"தெரியும்."

ஆறு டியூபை இழுத்தது. அவள் விடவில்லை.

"நீதான சிரிக்கச் சொன்ன," என்றான் சதீஷ். குற்றம் சொல்வதுபோல இல்லை. ஏதோ ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோலக் கேட்டான்.

அவள் கயிற்றைக் கரைப்பக்கம் இழுத்தாள். "ஏறுங்கண்ணே. மேல போனாத்தான் லைன் கெடைக்கும். மொகத்த மூடறதுக்குள்ள பாத்துடலாம்."

பிக்கப்பின் பின்புறத்தில் இருவரும் ஏறினார்கள். சுகுமாறனும் ஒரு காலைத் தூக்கி வைத்தார். சதீஷ் அவரைப் பார்த்ததும் காலை இறக்கிக்கொண்டார். பாக் ஹாலிம் வண்டியை விரட்டினார். வளைவுகளில் அவர்கள் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். சதீஷ் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான், படத்தில் துடுப்பைத் தூக்கியிருந்தது மாதிரியே. லைஃப் ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் அழவில்லை. "கோடு வருதா, கோடு வருதா," என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கொட்டகைக்கு முந்தின வளைவில் ஒரு கோடு வந்தது. மலர்விழி வண்டியின் கூரையைத் தட்டினாள். பாக் ஹாலிம் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தார்.

வீடியோவில் அக்காவின் முகம் வந்தது, திரைக்கு மிகப் பக்கத்தில், பாதிதான். தலை கலைந்திருந்தது.

"தம்பி... தம்பி, எடுத்துட்டாங்கடா."

"எங்கக்கா இருக்க?"

"முச்சந்தியில. போயிட்டாங்க. இப்பத்தான். தப்புச் சத்தம் கேக்குதுல்ல? இதுக்கு மேல எங்கள வரக்கூடாதுங்கிறாங்க."

அவள் போனைத் திருப்பினாள். காலி ரோடு தெரிந்தது. செம்மண்ணில் பொரியும் சில்லறையும் பிய்ந்த சாமந்தியும் சிதறிக் கிடந்தன. தூரத்தில், வெயிலில், ஆண்களின் முதுகுகள். அவற்றுக்கு மேலே ஏதோ ஒரு நிறம் ஆடி ஆடிப் போனது. அந்த ஊரில் பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும். சதீஷுக்கு அது தெரியும். அவன் அந்த நிறத்தையே பார்த்தான்.

"இரு," என்றாள் அக்கா திடீரென்று. "இருடா. வச்சிராத."

படம் குலுங்கியது. அவள் ஓடினாள். பின்னாலிருந்து பெண்களின் குரல்கள்: "ஏய், எங்கடி போற! பொம்பள போகக் கூடாதுடி! அவளப் புடிங்க!" திரையில் மண் ஓடியது, சேலையின் ஓரம், பொரி, மண், அவளுடைய வெறுங்கால். பிறகு படம் நின்றுவிட்டது. தூசி படிந்த பாதி பாதமும், அதன் பக்கத்தில் ஒரு சாமந்திப் பூவும். அப்படியே உறைந்துவிட்டது.

சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் மூச்சிரைத்தாள். தப்பு பக்கத்தில் வந்தது, இன்னும் பக்கத்தில் வந்தது. "நிறுத்துங்க! சித்தப்பா, நிறுத்துங்க! அவனுக்குத் தெரியாதாம்! அவங்க யாரும் சொல்லலயாம்! இப்பத்தான் தெரியும் அவனுக்கு!" ஆண்கள் ஏதோ திட்டினார்கள். ஒருவர் பொட்டச்சி என்றார். அதற்கும் மேலே அவள் கத்தினாள். "அவன் பாக்கணும். எரிக்கறதுக்கு முன்னாடி அவன் பாக்கணும். என்ன வேணா பண்ணிக்கங்க."

தப்பு நின்றது.

எங்கோ ஒரு மைனா கத்தியது. அது அங்கேயா இங்கேயா என்று மலர்விழிக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு வயதான குரல், "காட்டும்மா," என்றது.

"தம்பி." அக்காவின் குரல் மிகவும் தணிந்திருந்தது, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "துணிய வெலக்கியாச்சு. பாத்துக்க. தெரியுதாடா? நல்லாக் கிட்டப் புடிச்சிருக்கேன். அப்பா தெரியுறாரா?"

திரையில் பாதி பாதமும் சாமந்திப் பூவும்.

சதீஷ் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கட்டைவிரலால் திரையை மெல்லத் தேய்த்தான், அதிலிருந்த தண்ணீரைத் துடைப்பதுபோல. படம் மாறவில்லை.

"தெரியுதுக்கா," என்றான்.

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"தூங்கற மாதிரி இல்ல?"

"ஆமாக்கா. தூங்கற மாதிரிதான் இருக்காரு."

"சவரம் பண்ணிவிட்டோம். ஒனக்குப் புடிக்குமே, அந்த வெள்ளச் சட்டதான் போட்டிருக்கு."

"பாத்தேன்க்கா." அப்போதுதான் அவன் குரல் உடைந்தது. "போதும்க்கா. வெயில்ல நிக்காத. அவங்கள எடுத்துட்டுப் போகச் சொல்லு."

தப்பு மறுபடி தொடங்கியது. அந்தப் பக்கத்தில் யாரோ போனை வாங்கினார்கள், ஏதோ விழுந்தது, சத்தமும் போய்விட்டது.

கோழியும் சோறும் கீழே ஆறிக்கொண்டிருக்கும். ஒரு குடும்பம் டியூப்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தபடி சாலையைக் கடந்து போயிற்று. அதில் ஒரு சின்னப் பெண் இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். பாக் ஹாலிம் வண்டிக்குள் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

சதீஷ் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றப் பார்த்தான். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. மலர்விழி முன்னால் வந்து, ஒவ்வொரு கொக்கியாக அவிழ்த்தாள். மூன்றாவது கொக்கியில் அவன், அவளைப் பார்க்காமல், ஆறு போகும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஊர்லேருந்து யாராச்சும் ஒன்கிட்டக் கேட்டா, லைன் நல்லா இருந்துச்சுன்னு சொல்லு மலரு."

"ம்."

"நீயும் பக்கத்துல இருந்து பாத்த."

அவள் கடைசிக் கொக்கியை அவிழ்த்தாள். நனைந்த ஜாக்கெட் கனமாக அவள் கைக்கு வந்தது.

"பாத்தேன்ணே," என்றாள். "வெள்ளச் சட்ட."